என் கணவரின் பதினைந்து ஆட்டக்காரர்கள்

என் கணவருக்கு ஏதோ சரியில்லை என்பதை முதலில் கவனித்தவர் அவருடைய அலுவலக நண்பர். ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பனிமூட்டம் இன்னும் விலகாத காலை நேரத்தில், டெல்லி கிட்வாய் நகரில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அவர் வந்தார். என் கணவர் குளித்துக்கொண்டிருந்தார். நண்பர் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கழுத்தில் சுற்றியிருந்த மஃப்ளரைக்கூடக் கழற்றாமல், வழக்கம்போல அண்ணி முறை வைத்து இந்தியில் கேட்டார்.

"பாபிஜி, வீட்ல எல்லாம் நல்லபடியா இருக்கா?"

"நல்லாத்தானே இருக்கு. ஏன்?"

அவர் தன் ஃபோனை என் பக்கம் நீட்டினார். திரையில் பச்சையாக ஒரு கால்பந்து மைதானம். அதன்மேல் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் சட்டைகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெள்ளைக்காரப் பெயர். அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இது அவரோட டீம். இந்த ஆளுக்குக் கால் உடைஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. இவரை மூணு வாரமா கேப்டனா வச்சிருக்கார். வைஸ் கேப்டனும் ஆடலை. போன வாரம் ஒரே ஆளை எடுத்து, போட்டு, எடுத்துன்னு ஆறு தடவை மாத்தி, இருபது புள்ளி போயிடுச்சு. ஏழு வருஷமா முதல் மூணு இடத்தை விட்டுக் கீழ இறங்காத மனுஷன், பாபிஜி."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு விளையாட்டுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு தேடி வந்து புகார் சொல்கிறாரே என்று நினைத்தேன். "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, கவனிச்சிருக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்துபோனேன். அவர் டீயைக் குடித்தார். என் கணவர் குளித்துவிட்டு வந்ததும் இரண்டு பேரும் வேறு என்னவோ பேசிச் சிரித்தார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று அவர் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன்.

அப்போது என் கணவருக்கு ஐம்பத்தோரு வயது. அமைச்சகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இருபத்து மூன்று வயதில் டெல்லிக்கு வந்தவர். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் ஒரே மகள் கல்லூரி இரண்டாம் வருடத்தில் இருந்தாள்.

அந்த விளையாட்டைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் எப்போதாவது சொன்னதுதான். இங்கிலாந்தில் நடக்கும் கால்பந்து லீக்கில் நிஜமாக ஆடுகிறவர்களிலிருந்து பதினைந்து பேரை நாம் எடுத்து ஒரு கற்பனை அணி கட்ட வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு கற்பனைப் பணம், நூறு. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு விலை. நட்சத்திரங்களாகவே வாங்கினால் மிச்ச இடங்களுக்கு ஆள் கிடைக்காது. வாரக் கடைசியில் நம் ஆள் கோல் போட்டால் நமக்குப் புள்ளி. கோலுக்குப் பந்தைக் கொடுத்தாலும் புள்ளி. தடுப்பாட்டக்காரர் கோல் விடாமல் காத்தால் அதற்கும் உண்டு. மஞ்சள் அட்டை வாங்கினால் குறையும். பதினோரு பேரை இறக்க வேண்டும், நான்கு பேர் வெளியே. ஒருவரைக் கேப்டனாக வைத்தால் அவருடைய புள்ளி இரண்டு மடங்கு. அவர் ஆடாவிட்டால் அந்த இரட்டிப்பு வைஸ் கேப்டனுக்கு. வாரத்துக்கு ஒரு ஆளைச் சும்மா மாற்றலாம். அதற்கு மேல் மாற்றினால் ஒவ்வொருவருக்கும் நான்கு புள்ளி வெட்டு. எல்லாவற்றையும் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிவாக்கில், முதல் ஆட்டம் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.

அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து தங்களுக்குள் ஒரு லீக் வைத்திருந்தார்கள். பணம் கிடையாது. அந்த வாரம் கடைசி இடத்துக்கு வந்தவர் திங்கட்கிழமை எல்லோருக்கும் பருப்பு வைத்துப் பொரித்த கச்சோரி வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான்.

"நீங்க என்னைக்காவது பந்தைத் தொட்டிருக்கீங்களா?" என்று ஒருமுறை கேலி செய்தேன்.

"ஸ்கூல்ல என்னைய டீம்லயே சேக்க மாட்டாங்க," என்றார். "இங்க நான்தான் சேக்கிறவன்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆபீஸ்ல நான் ஒரு நோட் எழுதி மேல அனுப்புறேன். அது என்னாச்சுன்னு மூணு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். சில சமயம் தெரியவே தெரியாது. இதுல சனிக்கிழமை முடிவு பண்றேன், ஞாயித்துக்கிழமை நான் நெனச்சது சரியா தப்பான்னு தெரிஞ்சுபோகுது. தப்புன்னாலும் என் தப்பு. அது நல்லாருக்கு."

நண்பர் வந்துபோன பிறகும் நான்கு மாதம் நான் எதுவும் செய்யவில்லை. பார்க்காமல் இல்லை. மெட்ரோவில் வழக்கமான ஸ்டேஷனைத் தாண்டிப்போய் இறங்கினார். தூங்கிவிட்டேன் என்றார், நம்பினேன். என் அம்மா இறந்துபோனதாகச் சேதி வந்த அன்று, நான் அழுதுகொண்டிருக்கும்போது, மதியத்துக்கு என்ன சமையல் என்று கேட்டார். அதிர்ச்சியில் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மே மாதத்தில் ஒருநாள் மகளின் கல்லூரி விண்ணப்பம் ஒன்றில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, பேனாவைப் பிடித்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயரின் மூன்றாவது எழுத்து அவருக்கு வரவில்லை. அன்று சாயங்காலமே டாக்டரிடம் நேரம் வாங்கினேன்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கேள்வித் தாள்கள் என்று இரண்டு மாதம் போயிற்று. ஒரு இளம் டாக்டர் கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார். இவர் வட்டம் போட்டு, எண்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கமாகவே எழுதினார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார்கள். தொண்ணூற்று மூன்றோடு நின்றுவிட்டது. உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று டாக்டர் கேட்டபோது மட்டும் முகம் மலர்ந்து, தன் லீக்கின் விதிகளை ஒன்று விடாமல் சொன்னார். டாக்டரும் அந்த விளையாட்டை ஆடுகிறவர் போலிருக்கிறது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்தபோது அவர் கண்கள் வேறு மாதிரி இருந்தன.

வயதானவர்களுக்கு வருகிற மறதி நோய், சிலருக்குச் சீக்கிரமே வந்துவிடும் என்றார்கள். குணப்படுத்த மருந்து இல்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று நான் இழுத்தேன். "பெரிய வித்தியாசம் இருந்திருக்காது" என்றார் பெரிய டாக்டர். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகு மகள் மட்டும் திரும்ப உள்ளே போய் டாக்டரிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள். என்ன கேட்டாய் என்றேன்.

"எனக்கும் வருமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"டெஸ்ட் இருக்குன்னு சொன்னார். நான் பண்ண மாட்டேன்மா. போதும், அதைப் பத்திப் பேச வேணாம்."

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆகஸ்டில் புது லீக் தொடங்கியது. சேருவதற்கான குறியீட்டை நண்பர் எங்கள் மூன்று பேருக்கும் அனுப்பியிருந்தார். மகள்தான் என் ஃபோனில் ஏற்பாடு செய்து கொடுத்தாள். "அச்சா, பாரும்மா, மத்லப் இந்தச் சட்டையைத் தொட்டா ஆள் மாறும், இதைத் தொட்டா கேப்டன்" என்று இந்தி கலந்த தன் அரைகுறைத் தமிழில் சொல்லிக் கொடுத்தாள். சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு உட்காருவோம். அவர் சொல்லுவார், நான் அழுத்துவேன்.

முதல் சில மாதம் அவர் நன்றாகவே சொன்னார். "இவன் இந்த வாரம் சொந்த ஊர்ல ஆடுறான், இவனைப் போடு." "அந்த டீம் கோலா வாங்குது, அதுல கோல்கீப்பர் வேணாம்." நான் ஏதாவது மறுத்துச் சொன்னால், "இந்தா பாரு, நேத்து வந்தவ எனக்குச் சொல்லித் தாரியா?" என்பார். அவர் எரிச்சல்படுவது எனக்குப் பிடித்திருந்தது. எரிச்சல்படும்போது அவர் பழைய ஆளாக இருந்தார்.

அந்த விளையாட்டு ஏன் மனிதர்களைப் பிடித்துக்கொள்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எந்த ஊரென்றே தெரியாத இரண்டு அணிகள் மோதும். அதில் என்னுடைய தடுப்பாட்டக்காரர் ஒருவர் இருப்பார். அந்த ஒரு ஆளுக்காக முழு ஆட்டத்தையும் பார்ப்பேன். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் எதிர் அணி கோல் போட்டு என் நான்கு புள்ளியைப் பறித்தால் வாய்விட்டுத் திட்டுவேன். வாட்ஸப் குழுவில் உடனே யாராவது கேலி எழுதுவார்கள். நானும் பதிலுக்கு எழுதப் பழகினேன். வாரம் முழுவதும் மாத்திரை, டாக்டர், விடுப்பு விண்ணப்பம் என்று இருந்த எனக்கு, எவனோ ஒருவனுடைய கணுக்கால் சரியாகிவிட்டதா என்று கவலைப்படுவது ஓய்வு போல இருந்தது. அந்தக் கணுக்கால் எப்படியும் சரியாகிவிடும். அதில்தான் சுகம்.

தீபாவளிக்குப் பிறகு அவருடைய பேச்சு குறைந்தது. நான் இரண்டு பெயர் சொன்னால் இரண்டாவதாகச் சொன்னதையே திருப்பிச் சொன்னார். மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். அப்போதும் இரண்டாவதுதான். அதன் பிறகு நானே முடிவு செய்து, அந்தப் பெயரை இரண்டாவதாகச் சொல்லி, அவர் வாயால் வரவழைத்தேன். எங்கள் அணி ஒன்பதாவது, பத்தாவது இடங்களில் கிடந்தது. ஆனாலும் கடைசிக்கு ஒரு வாரம்கூடப் போகவில்லை. மோசமான வாரங்களிலும் எங்களுக்குக் கீழே நண்பர் இருந்தார்.

கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு அது உறுத்தியது. ஒருநாள் நண்பருடைய அணியைத் திறந்து பார்த்தேன். அவருடைய கேப்டன் சஸ்பெண்ட் ஆனவர். வைஸ் கேப்டனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. பதினைந்தில் ஆறு பேர் ஆடவே இல்லை. பல வாரமாக அப்படியே. இவருக்கும் அதே நோயா என்றுதான் முதலில் தோன்றியது. உடனே அவருக்கு ஃபோன் செய்தேன்.

"பையாஜி, உங்க கேப்டன் ஆடலைன்னு தெரியுமா?"

"தெரியும், பாபிஜி."

"அப்புறம் ஏன்?"

"அவர் ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஆபீஸுக்கு வரார். என்னன்னு புரியாமலே கச்சோரிப் பொட்டலத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா? யாராவது ஒருத்தர் கடைசியா இருந்துதானே ஆகணும். எனக்குக் கச்சோரி வாங்கறதுல ஒண்ணும் கஷ்டமில்லை."

நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு மஃப்ளரோடு வந்து உட்கார்ந்திருந்தவரிடம் நான் பேசிய விதம் நினைவுக்கு வந்தது. ஃபோனை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவர் அலுவலகம் போனதும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. மார்ச்சில் ஒருநாள் மாடி மாறி, வேறு யாருடைய நாற்காலியிலோ உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்திருக்கிறார். விடுப்பு தீர்ந்ததும் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்து டெல்லியிலேயே துவாரகா பக்கம் வாடகைக்குப் போனோம். வீடு மாறியது அவரை இன்னும் கீழே தள்ளியது. கக்கூஸ் எங்கே என்று தெரியாமல் பால்கனிக் கதவைத் தட்டுவார். நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கினேன். மகளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. "போகலைன்னு சொல்லிடவாம்மா?" என்று கேட்டாள். போ என்றேன். அவள் நிம்மதியடைந்ததைப் பார்த்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அதற்குள் அவருக்கு இந்தி போய்விட்டிருந்தது. முப்பது வருடம் பேசிய மொழி. முதலில் காய்கறிக்காரனிடம் தடுமாறினார், பிறகு முழுவதும் போயிற்று. நண்பர் ஒரு மாலை பார்க்க வந்தார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சாத்தூர்த் தமிழில், கம்மாய் உடைந்ததையும் மாடு காணாமல் போனதையும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். நண்பர் ஒரு வார்த்தையும் புரியாமல், "ஹாங் ஜி, ஹாங் ஜி" என்று ஆமாம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் மொழிபெயர்க்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அடுத்த லீக்கிலும் அணி வைத்திருந்தேன். பால்கனியில் உட்கார்ந்து பெயர்களை வாசிப்பேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நான் மாவு வாங்க வந்த பெண்ணுக்குச் சில்லறை தேடி உள்ளே போன நேரத்தில், வெளிக்கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்விட்டார். இரண்டரை மணி நேரம் தேடினேன். கீழே இருந்த காவலாளி, எதிர்வீட்டுப் பையன்கள், எல்லோரும் தேடினார்கள். கடைசியில் மெட்ரோ ஸ்டேஷனில், கார்டைத் தேய்க்கும் இடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பின்னால் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். காலில் செருப்பு இல்லை. நான் கையைப் பிடித்ததும் ஒன்றும் கேட்காமல் கூட வந்தார்.

அணியைப் பற்றித் திங்கட்கிழமைதான் நினைவு வந்தது. கெடு தாண்டிவிட்டால் போன வாரத்து அணியே அப்படியே இறங்கிவிடும். திறந்து பார்த்தேன். அந்த வாரம் எங்கள் அணிதான் முதல். நான் மாற்றிவிட வேண்டும் என்று நினைத்திருந்த ஆட்டக்காரன் மூன்று கோல் போட்டிருந்தான். அந்த வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த அதிகபட்சப் புள்ளி அதுதான். குழுவில் எல்லோரும் வாழ்த்தியிருந்தார்கள். "சர்ஜி திரும்ப வந்துட்டார்" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

நான் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றேகால் வருடம் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து, யோசித்து, அவர் வாயிலிருந்து பெயர்களைப் பிடுங்கி நான் செய்ததெல்லாம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று தெரிந்தது. மருந்தைப் பற்றியும் எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. ஆனால் மருந்தைக் கொடுப்பதை நிறுத்தவில்லை. விளையாட்டை நிறுத்திவிட்டேன். யாரும் தொடாத அந்த அணி மே மாதம் வரை தானாக ஆடி, ஏழாவது இடத்தில் முடிந்தது. நான் கவனித்து நடத்திய வருடத்தைவிட அது மேல்.

ஆகஸ்டில் நண்பர் மறுபடி குறியீடு அனுப்பினார். இந்த வருஷம் வேண்டாம் என்று பதில் எழுதினேன். "சரி, பாபிஜி" என்று மட்டும் வந்தது. அவருக்கும் அப்போது போபாலுக்கு மாற்றலாகியிருந்தது. எங்கள் இடத்தில் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்களாம். குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. சனிக்கிழமைகளில் அது ஓயாமல் மினுங்கியதால், சில வாரம் கழித்து நானே விலகினேன்.

இப்போது அவருக்கு ஐம்பத்தைந்து. டிவியில் கால்பந்து போட்டுவிட்டால் பார்ப்பார். பந்து ஒரு பக்கம் போகும், அவர் கண் வேறு பக்கம் நிற்கும். சோற்றை நான்தான் ஊட்டுகிறேன். சில நாள் வாயை இறுக மூடிக்கொள்வார். வருகிற வருடம் எப்படியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்பதை விட்டுவிட்டேன். அவரும் சொல்வதில்லை.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடமும் அவர் என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவார். சாத்தூரில் எல்லோரும் அப்படித்தான். போன மாதம் ஒருநாள் மதியம், சாப்பாட்டுத் தட்டோடு அவர் முன்னால் நின்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப மரியாதையாக, கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க," என்றார். "எந்த ஊர்லருந்து வாறீங்க?"

உட்கார்ந்தேன். நான் பிறந்த ஊரின் பெயரைச் சொன்னேன். "தூரமாச்சே," என்றார்.

"ஆமா," என்றேன். "சாப்பிடுங்க."